விஜயநகரிலிருந்து நாகப்பட்டினம் வரை

மைசூரு நகரின் வடமேற்குப் பகுதியில் விஜயநகர் என்னும் குடியிருப்பு அமைந்துள்ளது. முதல் ஸ்டேஜ் தொடங்கி நான்காம் ஸ்டேஜ் ஈறாக நான்கு பிரிவுகளாகப் பரந்து கிடக்கும் இப்பகுதியில் அகன்ற வீதிகளும் நிழல் மரங்களும் உண்டு. முதல் ஸ்டேஜில் உள்ள யோக நரசிம்மசுவாமி கோயிலை அறியாத மைசூருவாசி இலர் எனலாம். பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இதுவே சொந்த ஊர் போல் ஆகிவிட்டது. ஈரோட்டார், சேலத்தார், கோயம்புத்தூரார், தஞ்சைத் தரணியார் எனப் பல திசைகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரே தெருவில் வாழ்கிறோம். நம் அனைவர்க்கும் பொதுவான உறவு ஒன்று உண்டென்றால் அது காவிரிதான். எந்த ஆற்றின் கரையை விட்டு வந்தோமோ, அதே ஆறு இங்கே குழாய் வழியே நம் சமையலறைக்கு வந்து சேர்கிறது.

ஆயினும் காவிரி விஜயநகருக்குத் தானாக நடந்து வருவதில்லை. மைசூரு கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஆறோ பள்ளத்தில் ஓடுகிறது. 1911-ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜ சாகரம், நீரைத் தேக்கி வைக்கிறது. அதன் முழுக் கொள்ளளவின் உயரம் 124.8 அடி. தேங்கிய நீரை மேட்டு நிலத்திலுள்ள ஊருக்கு ஏற்ற வேண்டுமாயின் யந்திரம் வேண்டும். ஹொங்கள்ளி, பெளகொளா, மேளாபுரா ஆகிய இடங்களிலுள்ள நீரேற்று நிலையங்கள் இரவு பகலாக இப்பணியைச் செய்கின்றன. நீரேற்றும் யந்திரம் எதுவாயினும் அதில் சுழலும் தண்டு ஒன்று இருக்கும். அத்தண்டு நீருள்ள இடத்திலிருந்து நீரில்லாத இடத்திற்கு வெளிவரும் வாயில் ஒன்றும் இருக்கும். இக்கட்டுரை அந்தச் சிறு வாயிலைப் பற்றியது. சென்ற கோடையில் எங்களை விஜயநகரிலிருந்து நாகப்பட்டினம் வரை அழைத்துச் சென்றதும் அதுவேதான்.

நாங்கள் செய்த பிழை

நாங்கள் குடியிருக்கும் வளாகத்தில் நான்கு குடும்பங்கள். தரைக்கடியில் ஒரு தொட்டி. மாடிமேல் ஒரு தொட்டி. இரண்டிற்கும் இடையே கோயம்புத்தூரில் வார்த்த பழைய பம்பு ஒன்று. அதன் தண்டு வெளிவரும் இடத்தில் எப்போதும் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருக்கும். கோடைக் காலம், குழாயில் நீர் வரும் நாள்களும் குறைந்திருந்தன. 'துளித் துளியாக இவ்வளவு நீர் வீணாகிறதே' என்று எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரை எடுத்து, அங்கிருந்த இரண்டு நட்டுகளையும் முடிந்த மட்டும் முறுக்கினோம். சொட்டு நின்றது. நான்கு குடும்பத்தாரும் பாராட்டினார்கள். நாங்களும் பெருமிதம் கொண்டோம்.

பெருமிதம் மூன்று நாள் நிலைத்தது. நான்காம் நாள் காலை பம்பு அறையிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. மோட்டார் தொட முடியாதபடி சுட்டது. பம்பைக் கழற்றி, பக்கத்திலுள்ள ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். பட்டறைப் பெரியவர் கொங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். தண்டை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். அரையங்குல அகலத்திற்குக் கத்தியால் கீறியதுபோல் வரி வரியாகப் பள்ளங்கள்!

"ஏனுங்க, இதை இப்படி முறுக்கினது யாருங்க?" என்று கேட்டார். நாங்கள் தலை குனிந்தோம்.

"சொட்டு விழுகிறது பழுதுன்னு நெனச்சீங்களாட்ட இருக்குது. அந்தச் சொட்டுத்தானுங்க தண்டைக் காப்பாத்துது" என்றார் அவர்.

பிறகு அவர் விளக்கிய செய்தி இது. தண்டைச் சுற்றி ஒரு பெட்டி உண்டு. அதற்குள் கிளாண்டுக் கயிறு எனப்படும் சதுரப் பின்னல் கயிற்றை வளையம் வளையமாக வைத்து அடைப்பார்கள். வெளியேயிருந்து ஒரு மூடியை நட்டுகளால் இறுக்கினால், கயிறு நசுங்கித் தண்டைப் பற்றிக்கொள்ளும். பற்றினால் நீர் வெளிவராது. ஆனால் மிகையாகப் பற்றினால் உராய்வு மிகும். உராய்வினால் எழும் சூட்டைத் தணிப்பதற்கும், கயிற்றிற்கும் தண்டிற்கும் நடுவே வழுவழுப்பாக நிற்பதற்கும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். அந்தப் படலத்தின் வெளியடையாளமே நாங்கள் வீணென்று எண்ணிய சொட்டு. அதை நிறுத்தியதும் கயிறு வறண்டது. வறண்ட கயிறு கெட்டிப்பட்டது. கெட்டிப்பட்ட கயிறு எஃகையே அரித்துவிட்டது.

பம்பு திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் நான்கு குடும்பத்தாரும் குடத்தால் நீர் இறைத்தோம். எங்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் மாடிப்படியில் குடத்தோடு எதிர்ப்பட்ட பெரியம்மாவின் முகத்தை நேரே பார்க்க எங்களால் இயலவில்லை.

டொராண்டோவிலிருந்து ஒரு கேள்வி

அதே வாரத்தில் கனடா நாட்டு டொராண்டோ நகரிலிருந்து எங்கள் தமக்கையின் மகன் தொலைபேசியில் பேசினான். அங்கே நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோ பகுதியில் அவனுக்கு வீடு. நண்பர் இருவரோடு கூட்டுச் சேர்ந்து, ஒண்டாரியோ ஏரியில் ஓட்டுவதற்காகப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தான். பாய்மரப் படகாயினும் காற்றில்லாத வேளைக்கும், துறைக்குள் நுழையும் வேளைக்கும் அதில் சிறு டீசல் எஞ்சின் உண்டு. எஞ்சினின் தண்டு படகின் அடிப்புறத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே சென்று, நீருக்குள் புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது.

"மாமா, அந்தத் துளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. போன அக்டோபரில் படகைக் கரையேற்றியபோது நன்றாக இறுக்கிவிட்டேன். இப்போது மே மாதத்தில் மறுபடியும் இறக்கப் போகிறோம். ஏதாவது பார்க்க வேண்டுமா?" என்று கேட்டான்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பம்பு கெட்டபோது ஐந்து நாள் நீரில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். படகின் கதை வேறு. பம்பில் நீர் உள்ளிருந்து வெளியே வருகிறது. படகிலோ வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அங்கே பிழை நேர்ந்தால் மூன்று பிள்ளைகளின் உயிர் குளிர்ந்த ஏரி நீரின் நடுவே நிற்கும்.

பட்டறைப் பெரியவரிடம் கேட்டோம். "கயிறு ஒண்ணுதானுங்க. ஆனா கடல் வேலையைக் கடற்கரைக்காரங்ககிட்டத்தான் கேக்கோணும்ங்க" என்றார். மே மாதத் தொடக்கத்தில் மயிலாடுதுறைப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குச் செல்வதாக முன்னரே ஏற்பாடு. அப்படியே நாகப்பட்டினமும் சென்று கேட்டு வருவது என்று முடிவு செய்தோம்.

ஆற்றின் வழியே

மைசூருவிலிருந்து மயிலாடுதுறை வழியே செல்லும் விரைவு ரயிலை அறியாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே இராது. மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் டெல்டாவில் இறங்கலாம். எத்தனை திருமணங்களுக்கும், எத்தனை துக்கங்களுக்கும் நம்மைச் சுமந்து சென்ற வண்டி அது!

புறப்பட்ட சிறிது நேரத்திற்கெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வண்டி காவிரியைக் கடந்தது. எங்களுடன் வந்த மூத்தவர் பாலத்தின்மீது வண்டி செல்லும்போது பேச்சை நிறுத்திவிட்டார். 1991-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்த ஆற்று நீரின் பங்கீட்டைப் பற்றி எழுந்த கலவரத்தின்போது, கர்நாடகத்தின் தென்பகுதியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. அவரும் அப்போது கைக்குழந்தையோடு இதே வண்டித்தடத்தில் ஊர் திரும்பியவர். சில மாதங்களில் மீண்டும் வந்தார். வீட்டுச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்து அவர் கையில் கொடுத்தவர் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார். இரண்டையும் அவர் மறக்கவில்லை. பாலம் வந்தால் இரண்டும் நினைவுக்கு வருகின்றன போலும்.

நள்ளிரவுக்குப் பின் ஈரோட்டை நெருங்குகையில் மறுபடியும் காவிரிப் பாலம். இடையே மேட்டூரில் 1934-இல் கட்டி முடிந்த அணையில் தங்கிவிட்டு வரும் நீர் அது. கரூரிலிருந்து திருச்சிராப்பள்ளி வரை ஆறும் இருப்புப்பாதையும் அருகருகே செல்கின்றன. பொழுது விடியும் நேரத்தில் தஞ்சை, பிறகு கும்பகோணம். மே மாதமாகையால் வயல்கள் வறண்டு வெடித்துக் கிடந்தன. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. அதுவரை மண் காத்திருக்கிறது.

மயிலாடுதுறையில் இறங்கி, குலதெய்வத்தை வணங்கி, பூம்புகார் சென்றோம். விஜயநகர்க் குழாயில் நாம் காணும் காவிரி கடலோடு கலக்கும் இடம் அது. கோடையில் அங்கே பேராறு ஏதுமில்லை. மணல் திட்டும், அதன் நடுவே ஒரு சிறு நீரோட்டமுமே காட்சி தந்தன. குழந்தைகள் அந்நீரில் காலை நனைத்துவிட்டு, "இதுதானா நம் வீட்டுத் தண்ணீர்?" என்று கேட்டார்கள். ஆம் என்றோம். பின்னர், டேனியர் 1620-இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடியையும் காரைக்காலையும் கடந்து நாகப்பட்டினம் சேர்ந்தோம்.

கரையேறிய படகுகள்

நாகப்பட்டினத்தில் கடுவையாறு கடலோடு சேரும் இடத்தருகே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அக்கரைப்பேட்டை என்னும் மீனவர் ஊர் அதை அடுத்துள்ளது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை பேரழிவு செய்த கரை இது. இன்று அங்கே நிற்பவன் காண்பது வரிசை வரிசையாக நிற்கும் விசைப்படகுகளை.

நாங்கள் சென்றபோது ஒரு படகும் கடலில் இல்லை. மீன் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு, தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்ற தடை ஆண்டுதோறும் உண்டு. 2001-இல் தொடங்கியபோது 45 நாள்களாக இருந்த தடை, 2017 முதல் 61 நாள்களாக நீண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கனடாவில் பனிக்காலம் படகைக் கரையேற்றுகிறது. நாகையில் சட்டம் கரையேற்றுகிறது. காரணம் வேறாயினும் பயன் ஒன்றே. ஓய்ந்திருக்கும் நாள்களில்தான் படகின் அடிப்பாகத்தைக் கண்ணால் காண முடியும்.

கரையேறிய படகுகளைச் சுற்றி வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பலகை இடுக்குகளில் ஒருவர் கலப்பற்று அடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டினார். வண்ணம் பூசுவோர், வலை பின்னுவோர் எனக் கரை முழுதும் ஒரே சந்தடி. ஒரு படகின் பின்புறத்தில் நீண்ட தண்டை உருவி எடுத்து மரக்கட்டைகளின்மேல் கிடத்தியிருந்தார்கள். அதனருகே அமர்ந்திருந்தவர் முப்பது ஆண்டுகளுக்குமேல் படகு எஞ்சினோடு பழகிய டிரைவர். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"கனடாவுல படகு ஓட்டுற பிள்ளைக்கு நம்ம ஊர்ல வைத்தியமா? உட்காருங்க அய்யா, சொல்றேன்."

தண்டின் ஓரிடத்தைக் காட்டினார். எங்கள் பம்புத் தண்டில் இருந்த அதே வரிகள்! மைசூருவிலிருந்து காவிரியின் கடைசி வரை வந்தும் நம் பிழை நமக்கு முன்னே வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று எங்களுக்குத் தோன்றிற்று.

"அலை அடிச்சா காதுக்குக் கேக்கும். கிளாண்டு விட்டா காதுக்குக் கேக்காது" என்று அவர் தொடங்கினார். இளமையில் ஓர் இரவு, கரையிலிருந்து வெகு தொலைவில் வலை வீசியிருந்தபோது, அவருடைய படகின் கிளாண்டுக் கயிறு மட்கி விட்டுப்போயிற்றாம். எஞ்சின் ஓசையில் நீர் ஏறுவதை யாரும் அறியவில்லை. கீழ்த்தட்டில் படுத்திருந்த சிறுவன் முதுகு நனைந்து எழுந்து கூவிய பிறகே தெரிந்தது. எஞ்சினை நிறுத்தி, கிழிந்த வேட்டித் துணியில் கிரீஸைப் பூசித் திணித்து மூடியை இறுக்கி, நால்வர் மாறி மாறி நீரை இறைக்க, மெல்ல ஓட்டிக்கொண்டு விடியலில் கரை சேர்ந்தார்கள். "அன்னைக்கு அந்தப் பய நனையலைன்னா இன்னைக்கு உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றார்.

"அப்படியானால் இறுக்கி வைப்பதுதானே பத்திரம்?" என்று கேட்டோம்.

"இறுக்குனா இந்தா, இது மாதிரி தண்டு போயிடும். தளர விட்டா படகு போயிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அது கைக்குத்தான் தெரியும்" என்று அவர் தண்டின் வரிகளைத் தட்டிக் காட்டினார்.

கயிறு மாற்றும் முறை

அந்த நடு இடத்தை அடையும் முறையை அவர் செய்து காட்டினார். வீட்டில் பழைய பம்பு வைத்திருப்போர்க்கும் பயன்படுமாதலின் அதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பழைய கயிறு முழுவதையும் எடுத்துவிட வேண்டும். மேலே இரண்டு வளையத்தை எடுத்துவிட்டு, அடியில் கெட்டிப்பட்டு ஒட்டிக்கொண்டிருப்பதை விட்டுவைப்பதே பலர் செய்யும் பிழை. முனையில் திருகு உள்ள கொக்கிக் கம்பியால் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். தண்டில் கீறல் விழலாகாது. பிறகு தண்டைத் துடைத்து விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை புதுக் கயிறு வைத்தாலும் பயனில்லை. தண்டைச் செப்பனிட வேண்டும், அன்றேல் மாற்ற வேண்டும்.

கயிற்றின் பருமன் பெட்டிக்கும் தண்டிற்கும் உள்ள இடைவெளிக்குச் சரியாக இருத்தல் அவசியம். முற்காலத்தில் சணல், பருத்தி நூல்களைப் பின்னிக் கொழுப்பில் ஊறவைத்த கயிறே உண்டு. இப்போது டெஃப்லான் கலந்த கயிறுகள் வழக்கில் உள்ளன. கிராஃபைட் கலந்த கயிறும் உண்டு. ஆயினும் உப்பு நீரில் கிராஃபைட் உலோகத்தோடு சேர்ந்து அரிப்பை வளர்க்கக்கூடுமாதலால் கடற்படகிற்கு அதை ஆராய்ந்தே கொள்ள வேண்டும்.

கயிற்றை ஒரே நீளமாகச் சுருளாய்ச் சுற்றித் திணிக்கலாகாது. சுருளின் வழியே நீர் ஏறிவிடும். தண்டின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி அளவு பார்த்துத் தனித்தனி வளையங்களாக வெட்ட வேண்டும். முனைகளைச் சாய்வாக வெட்டினால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பொருந்தும். ஒரு வளையத்தின் இணைப்பு மேலே இருந்தால் அடுத்ததன் இணைப்புப் பக்கவாட்டில், அதற்கடுத்தது கீழே என மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எல்லா இணைப்பும் ஒரே கோட்டில் இருந்தால் நீருக்கு நாமே வழி வெட்டியது போல் ஆகும்.

மூடியை முதலில் கைவிரலால் மட்டுமே இறுக்க வேண்டும். படகு நீரில் இறங்கி எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு, நட்டுகளைச் சிறிது சிறிதாகவும் இருபுறமும் சமமாகவும் முறுக்கி வர வேண்டும். தண்டு சுழலும்போது நிமிடத்திற்கு இரண்டு மூன்று சொட்டு விழும் நிலையில் நிறுத்திவிட வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெட்டியின்மேல் கை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாகவோ இளஞ்சூடாகவோ இருக்கலாம். சுட்டால் இறுக்கம் மிகை. புதுக் கயிறு படியும் வரை சில மணி நேரத்திற்கு ஒருமுறை பார்த்துத் திருத்த வேண்டும். சுழலும் தண்டின் அருகே ஒருபோதும் கையோ வேட்டித் தலைப்போ செல்லலாகாது.

நிமிடத்திற்கு மூன்று சொட்டு என்றால் நாள் முழுதும் ஓடினாலும் 4,320 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் எனக் கொண்டால் 216 மில்லி லிட்டர். ஒரு டம்ளர் நீர். எங்கள் பம்பின் சொட்டு இதைவிட வேகமானதுதான்; ஆயினும் வீணாகிறதே என்று நாங்கள் வருந்திய நீர் ஒரு தண்டின் விலையைவிடப் பெரிதன்று.

பனி நாட்டிற்கு அனுப்பிய விடை

அன்றிரவு நாகப்பட்டினத்திலிருந்தே டொராண்டோவுக்குப் பேசினோம். அவனுடைய படகு இன்னும் கரையிலேயே நின்றது. கேட்டதும் எங்களுக்கு மூச்சு வந்தது.

டிரைவர் ஐயாவிடம் கேட்டதையும், பனி நாட்டு வழக்கத்தைப் பற்றிப் படித்தறிந்ததையும் சேர்த்து அவனுக்குச் சொன்னோம். கரையில் நிற்கும் படகிற்கு இறுக்கம் தேவையே இல்லை. உள்ளே வர அங்கே நீர் ஏது? கரையேற்றியதும் மூடியைத் தளர்த்திப் பெட்டியிலுள்ள நீரை வடிய விடுவதே முறை. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. குழாயிலோ பெட்டியிலோ அடைபட்ட நீர் அப்படிப் பருத்தால் உலோகமும் வெடிக்கும். ஆதலின் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய்களிலும் நீரை வடித்து, உறையாத் திரவத்தை ஓடவிட வேண்டும். புரோபிலீன் கிளைக்கால் கலந்தது அதற்கு ஏற்றது.

சில படகுகள் பனிக்காலத்திலும் நீரிலேயே நிற்கும். அவற்றில் மட்டும் சொட்டு நிற்கும் அளவிற்குச் சிறிது இறுக்கிவிட்டு, 'கிளாண்டைத் தளர்த்திய பிறகே எஞ்சினை ஓட்டுக' என்று ஒரு சீட்டெழுதி எஞ்சின் சாவியிலேயே கட்டித் தொங்கவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து மனித நினைவை நம்பலாகாது. அவன் இறுக்கியதை அவனே அரைகுறையாகத்தான் நினைவில் வைத்திருந்தான்.

வேறொன்றையும் பார்க்கச் சொன்னோம். சிறு பாய்மரப் படகுகளில் கிளாண்டுப் பெட்டியைப் படகின் பின்குழாயோடு இணைப்பது பெரும்பாலும் ஒரு தடித்த ரப்பர்க் குழாய். அதன் இரு முனையிலும் இரண்டிரண்டு இரும்புப் பட்டைகள் இருக்கும். ரப்பர் வெடித்தாலும் பட்டை துருப்பிடித்து அற்றாலும், வருவது சொட்டன்று, வெள்ளம்.

"சொட்டே விழாத புதுவகை அடைப்பு ஒன்று உண்டாமே, அதை வாங்கிவிடட்டுமா?" என்று அவன் கேட்டான். உண்டுதான். கரி வளையம் ஒன்றை ரப்பர்த் துருத்தி பின்னிருந்து தள்ள, தண்டோடு சுழலும் எஃகு வளையத்தின்மீது அது வழுவழுப்பாகப் படிந்து நீரைத் தடுக்கும். அடிக்கட்டில் ஈரம் சேராது, நல்ல ஏற்பாடே. ஆனால் அதற்கும் நீர் தேவைதான். அந்த நீர் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. படகை நீரில் இறக்கியதும் துருத்தியைச் சிறிது அழுத்தி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, நீர் வளையங்களைத் தொடும்படி செய்ய வேண்டும். மறந்தால் அதுவும் வறண்டு சுடும். எண்ணெயும் கிரீஸும் அதன்மேல் படலாகாது. ரப்பர்த் துருத்தியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் கடமை. பராமரிப்பே வேண்டாத அடைப்பு உலகில் இல்லை.

இறுதியாக, படகை இறக்கும் நாளில் பளு தூக்கியின் பட்டையை அவிழ்க்குமுன் ஒருவன் உள்ளே இறங்கி அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றோம். நீர் மிகையாக வந்தால் உடனே தூக்கிவிடலாமன்றோ?

இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது. பழைய கயிற்றை எடுத்தபோது அது கரிக்கட்டை போலிருந்ததாம். தண்டில் இலேசான தேய்வு, பள்ளம் இல்லை. நான்கு புது வளையங்கள் வைத்து இறக்கினார்கள். "மாமா, நிமிடத்துக்கு மூன்று சொட்டு. நானும் நண்பனும் கடிகாரம் வைத்து எண்ணினோம்" என்றான்.

மீண்டும் விஜயநகர்

ஊர் திரும்பும்போது, ஈரோட்டுப் பாலத்தின்மேல் மூத்தவர் தாமாகவே பேசினார். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓராண்டில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டிற்குக் கிடைக்க வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. "இவ்வளவு சொட்டு என்று எண்ணி விடவேண்டும் என்பதற்கு எத்தனை ஆண்டு ஆயிற்று, பார்த்தீர்களா?" என்றார். எவர் பக்கம் நின்று வாதாடவும் அவர் விரும்பவில்லை. மேலே குடிப்பவரும் கீழே உழுபவரும் அவருக்கு உறவினரே. நாங்கள் மறுமொழி சொல்லவில்லை. வண்டி ஆற்றைக் கடந்தது.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது மரபு. ஜூன் 14-ஆம் தேதி நள்ளிரவோடு மீன்பிடித் தடை முடியும். நாகப்பட்டினத்துப் படகுகள் அந்த இரவிலேயே கடலுக்குச் செல்ல அணியமாகி நிற்கும் என்று டிரைவர் ஐயா சொல்லியிருந்தார். அவற்றின் அடிக்கட்டில், கண்ணுக்குத் தெரியாத இருட்டில், அவர் வைத்த கயிறுகள் நிமிடத்திற்கு இரண்டு மூன்று சொட்டு விட்டுக்கொண்டு பலருடைய உயிரைக் காத்து நிற்கும்.

விஜயநகரில் எங்கள் பம்பு இப்போது ஒழுங்காக ஓடுகிறது. சொட்டும் விழுகிறது. அதன் கீழே ஒரு தகரத் தட்டை வைத்து, சிறு குழாயால் தோட்டத்திற்கு வழி செய்திருக்கிறோம். மாடிப்படியில் குடத்தோடு ஏறிய அதே பெரியம்மா அவ்விடத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டிருக்கிறார். நான்கு வீட்டுத் தாளிப்பிற்கும் போதுமான அளவு அது தழைத்திருக்கிறது. ஸ்பானர் மட்டும் எங்கள் வீட்டில் இல்லை. அதைப் பெரியம்மா தம் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.